வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸும் ஃபயர்வாலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ளவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஓடும் வீட்டுக் கணினிகளையும் லேப்டாப்களையும் மனத்தில் வைத்து எழுதியவை. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக்கு முந்தைய பகுதியில் ஒரு பதில் இருக்கிறது.

புது லேப்டாப் வாங்கும்போது ஆன்டிவைரஸும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். வாங்க வேண்டுமா?

பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸும், இணைய இணைப்புகளைக் காவல் காக்கும் விண்டோஸ் ஃபயர்வாலும் உள்ளேயே இருக்கின்றன. தனிக் கட்டணம் இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலையும் இல்லை. அந்தக் காசுக்கு ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, வீட்டுப் படங்களையும் ஆவணங்களையும் அதில் நகல் எடுத்து வையுங்கள். எந்த ஆன்டிவைரஸும் தராத பாதுகாப்பு அது.

இலவசமாக வருவது காசு கொடுத்து வாங்குவதற்கு ஈடாகுமா?

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஈடாகவில்லை. "டிஃபெண்டர் வேலைக்கு ஆகாது" என்ற பேச்சு அந்தக் காலத்தில் பிறந்தது, இன்னும் ஓயவில்லை. இன்று நிலைமை வேறு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இரண்டும் ஆன்டிவைரஸ்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடும் தனி அமைப்புகள். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை மூன்றுக்கும் தலா 6 வீதம் 18 மதிப்பெண் தருகிறது. டிஃபெண்டர் பல ஆண்டுகளாக அதில் மேல்வரிசையில் நிற்கிறது.

ஒரு குறை உண்டு. டிஃபெண்டரின் திறமையில் பெரும்பங்கு இணையத்தைச் சார்ந்தது. சந்தேகமான கோப்பை மைக்ரோசாஃப்டின் சர்வரிடம் கேட்டுத்தான் பல நேரம் முடிவெடுக்கும். எப்போதாவது மட்டும் நெட்டில் இணையும் கணினி என்றால், இணைத்தவுடன் முதல் வேலையாக அப்டேட் செய்யுங்கள்.

டிஃபெண்டரை அப்படியே விட்டால் போதுமா, ஏதாவது சரிபார்க்க வேண்டுமா?

பத்து நிமிடம் ஒதுக்கிச் சரிபார்க்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தேடித் திறந்து, "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்" பகுதிக்குப் போங்கள். அங்கே "மேனேஜ் செட்டிங்ஸ்" உள்ளே நான்கு சுவிட்சுகள் ஆன் ஆக இருக்க வேண்டும்: ரியல்-டைம் புரொடெக்‌ஷன், கிளவுட் டெலிவர்டு புரொடெக்‌ஷன், ஆட்டோமேட்டிக் சாம்பிள் சப்மிஷன், டேம்பர் புரொடெக்‌ஷன். கடைசியில் சொன்னதைப் பலர் கவனிப்பதே இல்லை. உள்ளே புகுந்த நச்சு நிரல் முதலில் செய்யப் பார்ப்பது டிஃபெண்டரை அணைப்பது. அதைத் தடுப்பது டேம்பர் புரொடெக்‌ஷன்.

அதே பக்கத்தின் அடியில் "எக்ஸ்க்ளூஷன்ஸ்" இருக்கும். இந்தப் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை டிஃபெண்டர் திரும்பியும் பார்க்காது. வீட்டுக் கணினியில் இது காலியாக இருக்க வேண்டும். நீங்கள் சேர்க்காமலே சி டிரைவ் முழுதும் அங்கே இருந்தால், யாரோ கிராக் (உரிமம் வாங்காமல் மென்பொருளை ஓட வைக்கும் கோப்பு) போட்டிருக்கிறார்கள் அல்லது நச்சு நிரலே சேர்த்திருக்கிறது. உடனே நீக்கிவிட்டு ஃபுல் ஸ்கேன் ஓட்டுங்கள். பழைய லேப்டாப்பைக் கைமாற்றி வாங்கியவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

அடுத்து "ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல்" பகுதியில் "ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன்" உள்ளே போய், "பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்" ஆன் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார்கள், போலி கிளீனர்கள் போன்றவற்றை இதுதான் தடுக்கும்.

எல்லாம் வேலை செய்கிறதா என்று சோதிக்க, ஐகார் என்ற ஆன்டிவைரஸ் ஆய்வு அமைப்பின் தளத்திலிருந்து அவர்களின் சோதனைக் கோப்பை இறக்கிப் பாருங்கள். 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத கோப்பு. எல்லா ஆன்டிவைரஸ்களும் அதை வைரஸ் என்று பிடிக்கும்படி ஒப்புக்கொண்டு உருவாக்கியது. பிடிக்கவில்லை என்றால் பாதுகாப்பு அணைந்திருக்கிறது.

லேப்டாப்போடு ஏதோ ஒரு ஆன்டிவைரஸ் ட்ரயலாக வந்திருக்கிறது. என்ன செய்வது?

தொடர்ந்து காசு கட்டப் போவதில்லை என்றால் இன்றே நீக்குங்கள். வேறு ஆன்டிவைரஸ் பதிவானதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். ட்ரயல் முடிந்தபின் அந்த மென்பொருள் புது வைரஸ் விவரங்களைப் பெறாமல், புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பை மட்டும் காட்டிக்கொண்டு கிடக்கும். பாதுகாப்பு இருப்பதாக வீட்டில் எல்லோரும் நம்புவார்கள், ஆனால் இல்லாமல் போகலாம்.

செட்டிங்ஸில் "ஆப்ஸ்" பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அரைகுறையாக நீங்கினால் டிஃபெண்டர் மீண்டும் எழாமல் போகலாம். அப்படியானால் அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே அவர்களுடைய ரிமூவல் டூலை இறக்கி ஓட்டுங்கள். பெரிய நிறுவனங்கள் எல்லாமே இதை வைத்திருக்கின்றன. பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் பச்சை அடையாளம் காட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் யார்தான் காசு கொடுத்து வாங்கலாம்?

விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு என்று பல கருவிகள் கலந்திருக்கும் வீடு, பிள்ளைகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த வசதி வேண்டியவர்கள், சிக்கல் வந்தால் போனில் பேச ஆள் வேண்டும் என்று நினைப்பவர்கள் வாங்கலாம். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் போன்ற இந்திய நிறுவனங்களும் இருக்கின்றன, பிட்டிஃபெண்டர், ஈசெட் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் இருக்கின்றன.

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ஏவி-கம்பேரட்டிவ்ஸ் அறிக்கைகளில் எத்தனை சதவீதம் பிடித்தது என்பதோடு, நல்ல கோப்பை எத்தனை முறை தவறாகப் பிடித்தது என்ற எண்ணிக்கையையும் பாருங்கள். தவறான எச்சரிக்கை அடிக்கடி வந்தால், உண்மையான எச்சரிக்கை வரும்போதும் வீட்டில் இருப்பவர்கள் பழக்கத்தில் "அலவ்" அமுக்கிவிடுவார்கள்.

விலையில் முதல் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். வாங்கும்போதே ஆட்டோ ரினீவல் போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்கு ஓடிபி கேட்காது. அந்த அறிவிப்பைத் தவறவிட்டால் பணம் போய்விடும்.

இலவச ஆன்டிவைரஸ் போட்டுக்கொள்ளலாமா?

டிஃபெண்டர் இருக்கும்போது தேவை எழவில்லை. இலவசம் தருபவருக்கு வேறு வழியில் வருமானம் வேண்டும். ஒன்று, மேம்பட்ட பதிப்பை வாங்கச் சொல்லும் விளம்பரம். மற்றொன்று உங்கள் தகவல். அவாஸ்ட் நிறுவனம் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதன்மேல் 1.65 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஆன்டிவைரஸ் உங்கள் கணினியில் எல்லாவற்றையும் பார்க்கும் உரிமை பெற்ற மென்பொருள். நம்பிக்கை இல்லாதவரிடம் அந்த உரிமையைக் கொடுக்கக் கூடாது.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்புதானே?

இல்லை. இரண்டும் ஒவ்வொரு கோப்பையும் திறக்கும் கணத்தில் குறுக்கே நின்று பார்ப்பவை. ஒன்று திறந்ததை மற்றொன்று சோதிக்க, அதை முதலாவது திரும்பச் சோதிக்க, கணினி திணறும். நீலத்திரையோடு நின்றுபோவதும் உண்டு. நிரந்தரமாக ஓடுவது ஒன்றே ஒன்று இருக்கட்டும்.

சந்தேகம் வந்தால் இரண்டாவது கருத்துக்கு, அழைக்கும்போது மட்டும் ஓடும் ஸ்கேனர் போதும். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் அப்படிப்பட்டது. இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பும் நல்லது. ஒரே ஒரு கோப்பின்மேல் சந்தேகம் என்றால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றுங்கள், பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கும். ஆதார், பான், வங்கி அறிக்கை போன்றவற்றை அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றிய கோப்பைப் பிற ஆய்வாளர்களும் பெற முடியும்.

ஆன்டிவைரஸ் ஓடும்போது கணினி நகரவே மாட்டேன் என்கிறது.

டாஸ்க் மேனேஜரில் "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிக்யூட்டபிள்" மேலே நின்றால் அது டிஃபெண்டர்தான், வைரஸ் அல்ல. 4 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் உள்ள கணினியில் ஸ்கேன் நேரம் கடினமாகத்தான் இருக்கும். ஸ்கேன் முடியும்வரை மின்சாரத்தில் இணைத்து இரவில் ஓட விடுங்கள். டாஸ்க் ஷெட்யூலரில் டிஃபெண்டரின் ஸ்கேன் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் காரணத்துக்காக டிஃபெண்டரை அணைக்காதீர்கள். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் இந்தப் புகாரே பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஃபயர்வால் என்னதான் செய்கிறது? தனியாக ஒன்று வேண்டுமா?

ஆன்டிவைரஸ் கோப்புகளைப் பார்க்கும், ஃபயர்வால் இணைப்புகளைப் பார்க்கும். வெளியிலிருந்து யாராவது உங்கள் கணினியின் ஒரு போர்ட்டை (இணைப்புகள் வந்து போகும் எண்ணிட்ட வாசல்) தட்டினால், நீங்கள் அனுமதித்த மென்பொருள் அங்கே காத்திருந்தால் தவிர, கதவு திறக்காது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சு நிரல்) பரவியது இப்படித் திறந்து கிடந்த 445 என்ற போர்ட் வழியாக. விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குப் பயன்படுத்தும் போர்ட் அது. பாதிப்பை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

விண்டோஸ் ஃபயர்வால் உள்ளே வருவதை இயல்பாகவே தடுக்கும், வெளியே போவதை இயல்பாகவே விடும். இதனால் உள்ளே புகுந்த நச்சு நிரல் வெளியே தகவல் அனுப்புவதை அது நிறுத்தாது. ஒவ்வொரு மென்பொருளும் எங்கே பேசுகிறது என்று பார்க்கும் ஆர்வம் உள்ளவர்கள் கிளாஸ்வயர் போன்ற ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அது நாள் முழுதும் கேள்வி கேட்கும் தொல்லையாகத்தான் முடியும், பரிந்துரைக்க மாட்டோம்.

ஃபயர்வாலை அணைத்தால்தான் பிரிண்டர் வேலை செய்கிறது. வேறு வழி இல்லையா?

இருக்கிறது. பெரும்பாலும் வீட்டு வைஃபை "பப்ளிக்" என்று பதிவாகியிருப்பதுதான் காரணம். பப்ளிக் என்றால் விண்டோஸ் அக்கம்பக்கத்துக் கருவிகளிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்ளும், பிரிண்டரும் கண்ணில் படாது. செட்டிங்ஸில் "நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்", வைஃபை, உங்கள் இணைப்பின் "பிராப்பர்ட்டீஸ்" என்று போய் "பிரைவேட்" என மாற்றுங்கள்.

வீட்டுக்கு மட்டும் பிரைவேட். ஹாஸ்டல், பேயிங் கெஸ்ட் விடுதி, ரயில் நிலையம், காபி கடை எல்லாவற்றுக்கும் பப்ளிக்தான். வீட்டு வைஃபை பாஸ்வேர்டு பக்கத்து வீடுகள் வரை தெரிந்திருந்தால் வீட்டிலும் பப்ளிக்கே பாதுகாப்பு.

திடீரென்று ஃபயர்வால் "அலவ்", "கேன்சல்" என்று கேட்கிறது.

அந்த மென்பொருள் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்க விரும்புகிறது. விளையாட்டு, கோப்புப் பகிர்வு, வீடியோ அழைப்பு மென்பொருள்கள் கேட்பது இயல்பு. நீங்கள் இப்போது எதையும் திறக்காதபோது பெயர் தெரியாத ஒன்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். கேன்சல் கொடுத்தாலும் அது இணையத்துக்குப் போக முடியும், உள்ளே வரும் வழி மட்டும்தான் அடைபடும்.

தவறாக எதையாவது அமுக்கிக் குழம்பிவிட்டால், "ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடெக்‌ஷன்" பக்கத்தின் அடியில் "ரீஸ்டோர் ஃபயர்வால்ஸ் டு டிஃபால்ட்" இருக்கிறது.

ரூட்டரில் ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டாயம். வீட்டின் முதல் ஃபயர்வால் ரூட்டர்தான், ஆனால் இணைப்பு கொடுக்க வந்தவர் வைத்துவிட்டுப் போன நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரௌசரில் திறந்து அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, வேறு. டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமல் வைஃபையில் இணைக்கும் வசதி), யூபிஎன்பி, ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து ரூட்டரை இயக்கும் வசதி) மூன்றையும் அணையுங்கள். யூபிஎன்பி என்பது வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் உங்களைக் கேட்காமலே ரூட்டரில் போர்ட் திறந்துகொள்ளும் வசதி. அணைத்தபின் சில விளையாட்டுகள் இணையாமல் போகலாம், அதற்குத் தேவையான போர்ட்டை மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

சிசிடிவி வைத்திருக்கும் வீடுகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மாட்ட வந்தவர், நீங்கள் போனில் பார்ப்பதற்காக டிவிஆருக்கு (கேமரா பதிவுப் பெட்டி) போர்ட் ஃபார்வர்டிங், அதாவது இணையத்திலிருந்து நேராக அதற்கு வழி, போட்டு, தொழிற்சாலை பாஸ்வேர்டையே விட்டுவிட்டுப் போயிருப்பார். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் இப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் கூட்டங்கூட்டமாகப் பிடித்தது. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைத் திறந்து, என்னவென்று தெரியாத வரிகளை நீக்குங்கள். 3389 என்ற எண் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் அது, இணையத்துக்குத் திறந்து வைத்தால் பாஸ்வேர்டை ஊகிக்கும் முயற்சி ஓயாமல் நடக்கும்.

ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவ் போட்டு வந்தால் கோப்புகள் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டன.

கோப்புகள் பெரும்பாலும் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்யாதீர்கள், செய்தால் நச்சு நிரல் உங்கள் கணினிக்குத் தாவும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் "வியூ" மெனுவில் "ஹிடன் ஐட்டம்ஸ்" ஆன் செய்யுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் "ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்பதன் டிக்கை எடுங்கள். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டரில் உங்கள் கோப்புகள் இருக்கும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்து, டிரைவை ஃபார்மட் செய்து, நகலெடுத்ததை ஸ்கேன் செய்யுங்கள்.

அச்செடுக்க வேண்டியதை மின்னஞ்சலில் அனுப்பினால் இந்தப் பிரச்சினையே வராது. பென்டிரைவ்தான் வேண்டும் என்றால் அதற்கென ஒன்றைத் தனியாக ஒதுக்கி, அச்சுக்கான பிடிஎஃப் மட்டும் அதில் வையுங்கள்.

கிராக் போட்ட மென்பொருளை ஆன்டிவைரஸ் தவறாகத்தான் பிடிக்கிறது என்கிறார்களே?

ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள் என்று சொல்லும் எந்தக் கோப்பையும் நிறுவாதீர்கள். சில கிராக்குகள் உண்மையிலேயே உரிமச் சோதனையை மட்டும் மாற்றுபவை, அதற்காகவும் பிடிபடும். எது வெறும் கிராக், எது அதோடு பாஸ்வேர்டு திருடும் நிரல் என்று நீங்கள் பிரித்தறிய வழியே இல்லை. வீட்டுக் கணினிகளைப் பெருமளவில் பூட்டிய ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம் முக்கியமாகப் பரவியது கிராக்குகள் வழியாகத்தான். லிப்ரே ஆபிஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் போன்றவை முழு இலவசம், பெரும்பாலான வீட்டு வேலைகளுக்குப் போதும்.

"உங்கள் கணினியில் 5 வைரஸ்கள், உடனே அழையுங்கள்" என்று திரை முழுதும் வருகிறது.

அது ஒரு இணையப் பக்கம். எந்த ஆன்டிவைரஸும் போன் நம்பர் கொடுத்து அழைக்கச் சொல்லாது. எஸ்கேப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மூடாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை நிறுத்துங்கள். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

திரையின் வலது மூலையில் அடிக்கடி சிறு பெட்டியாக வந்தால், ஏதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். பிரௌசர் செட்டிங்ஸில் "நோட்டிஃபிகேஷன்ஸ்" பட்டியலில் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும்.

"நான் ரோபோ இல்லை" என்று காட்ட ஏதோ ஒட்டி என்டர் அமுக்கச் சொல்கிறது ஒரு தளம்.

செய்யாதீர்கள். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கி, கன்ட்ரோல் வி, என்டர் என்று கேட்டால் அது நச்சுக் கட்டளையை உங்கள் கையாலேயே ஓட வைக்கும் தந்திரம். 2024 முதல் மிகவும் பரவியிருக்கிறது. நீங்களே இயக்கியது போல் தெரிவதால் ஆன்டிவைரஸ் சில நேரம் தவறவிடும். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இதை இன்றே சொல்லிவையுங்கள்.

வைரஸ் வந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிகிறது. முதலில் என்ன?

நெட்டைத் துண்டியுங்கள். வெளி ஹார்டு டிஸ்க் இணைத்திருந்தால் கழற்றுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் "ஸ்கேன் ஆப்ஷன்ஸ்" உள்ளே "ஆஃப்லைன் ஸ்கேன்" தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே சுமார் 15 நிமிடம் சோதிக்கும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் நிரல்கள் இதில் சிக்கும். முடிந்ததும் ஃபுல் ஸ்கேன் ஒன்று. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசச் சுத்திகரிப்பு மென்பொருள்கள் கிடைக்கின்றன.

பாஸ்வேர்டு மாற்றும் வேலையை அந்தக் கணினியில் செய்யாதீர்கள், சுத்தமான வேறு கருவியில் செய்யுங்கள். மின்னஞ்சல் முதலில், வங்கி அடுத்தது. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதையும் கொடுங்கள். பிரௌசரின் குக்கிகளை (நீங்கள் உள்நுழைந்திருப்பதைத் தளங்களுக்குக் காட்டும் சிறு கோப்புகள்) திருடியவர் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே இருக்கலாம்.

டிஃபெண்டரின் சுவிட்சுகள் சாம்பல் நிறமாகி, "நிர்வாகி கட்டுப்படுத்துகிறார்" என்று வந்தால் நச்சு நிரல் அமைப்பையே மாற்றியிருக்கலாம். அந்த நிலையில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே எங்கள் பரிந்துரை. நாள்கணக்கில் சுத்தம் செய்வதைவிட விரைவானது, நம்பிக்கையானது.

ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டிவிட்டால் திறக்க முடியுமா?

சிலவற்றை முடியும். 2016இல் யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் பூட்டிய கோப்பு ஒன்றைக் கொடுத்தால், சாவி இருந்தால் இலவசமாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் எடுத்துவையுங்கள், பின்னாளில் சாவி வெளியாகலாம். பணம் கட்டினால் திறக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

முன்கூட்டியே "ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்" உள்ளே "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்" ஆன் செய்யலாம். இயல்பாக அணைந்திருக்கும். டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் அறியாத மென்பொருள் எழுத முடியாதபடி தடுக்கும். படங்களை டி டிரைவில் வைத்திருந்தால் அதை நீங்களே சேர்க்க வேண்டும். ஆன் செய்தபின் பழைய மென்பொருள் ஏதாவது சேமிக்க மறுத்தால், அனுமதிப் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

இன்னும் விண்டோஸ் 10தான் ஓடுகிறது.

அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் வரும். டிஃபெண்டரின் வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். விண்டோஸின் ஓட்டையை அடைப்பது ஆன்டிவைரஸின் வேலை அல்ல, புதிதாகக் காசு கொடுத்து வாங்கினாலும் அடையாது. கணினி விண்டோஸ் 11 ஏற்காவிட்டால், நெட் பார்க்கவும் எழுதவும் லினக்ஸ் மின்ட் நல்ல மாற்று.

மேக், லினக்ஸுக்கு?

மேக்கில் நச்சு நிரல்களைப் பிடிக்கும் எக்ஸ்புரொடெக்ட், நம்பகமற்ற மென்பொருளைத் தடுக்கும் கேட்கீப்பர் இரண்டும் உள்ளேயே உண்டு. ஆனால் ஃபயர்வால் இயல்பாக அணைந்திருக்கும், சிஸ்டம் செட்டிங்ஸில் "நெட்வொர்க்" பகுதியில் ஆன் செய்யுங்கள். லினக்ஸ் மின்டில் "ஃபயர்வால் கான்ஃபிகரேஷன்" திறந்து சுவிட்சை ஆன் செய்தால் போதும்.

ஆன்டிவைரஸ் இருந்தும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. எப்படி?

ஓடிபியை நீங்களே சொன்னாலோ, தொலைவிலிருந்து கணினியைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் எனிடெஸ்க் போன்ற மென்பொருளை மோசடிக்காரர் நிறுவச் சொல்லி உங்கள் திரையைப் பார்த்தாலோ ஆன்டிவைரஸுக்கு அது தெரியாது. எனிடெஸ்க் முறையான மென்பொருள், பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. பணம் போன உடனே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், 1930 என்ற எண்ணில் தேசிய சைபர் குற்ற உதவி மையத்திடம் புகார் கொடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகரும் முன் நிறுத்தினால்தான் மீட்க வாய்ப்பு, எனவே கணினியைச் சுத்தம் செய்வதற்கு முன்பே இந்த இரண்டு அழைப்புகளும் முடிந்திருக்க வேண்டும். பரிமாற்ற எண், நேரம், தொகை, வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வங்கி கேட்கும்.